காதில் சொன்ன எடை

எங்கள் வீட்டில் யாரும் 'சுமாராக' என்று வாய் திறந்துவிட முடியாது. ரயில் எத்தனை மணிக்கு என்று கனகவல்லி கேட்டு, "ஒரு எட்டரை வாக்குல" என்று நான் சொன்னேனோ, தொலைந்தேன். "வாக்குலன்னா என்னங்க? எட்டு இருபதா, எட்டு நாப்பதா?" என்பாள். உப்பைக்கூடக் கரண்டியில் எடுத்து, மேலே கும்பலாக நிற்பதை விரலால் வழித்துவிட்டுத்தான் போடுவாள். "இது சாம்பாரா, டானிக்கா?" என்று கேட்டால், "டானிக் குடிச்சவன் எவனாவது உப்பு கம்மின்னு சொல்லியிருக்கானா?" என்று பதில் வரும். இப்படிப்பட்டவளோடு குடித்தனம் நடத்தும் கஷ்டத்தை யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் சந்திரமௌலி. புனேக்குப் பக்கத்தில் தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் ஸ்டோர்ஸ் பிரிவு. கனகவல்லி கும்பகோணத்தில் பிறந்து, சென்னையில் மருந்தாளர் படிப்பு படித்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி என் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். வந்த மாதமே, சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்லி, லோக்கல் ரயில் ஏறிப் போய் புனே கேம்ப் பகுதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை வாங்கிவிட்டாள். அங்கே அவள் செய்த காரியம், டாக்டர் சீட்டில் அளவு சரியில்லை என்று தோன்றினால் மருந்தைக் கொடுக்காமல் ஆளைத் திருப்பி அனுப்புவது. கடைக்காரர் சிந்திக்காரர், பொறுமைசாலி. "பெஹன்ஜி, நீங்க கடை நடத்தறீங்களா, கோர்ட் நடத்தறீங்களா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார். அடுத்த மாதம் அவள் ஊருக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுன்டரில் இருந்தாள். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம்.

அங்கேயும் அதே கதைதான். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைவி டாக்டர் பிடே. புனேக்காரப் பெண்மணி, ஒல்லி, குரல் மட்டும் கனம். அவர் எழுதிய சீட்டையே இவள் திருப்பி அனுப்பியிருக்கிறாள். சண்டை போடுவதற்கென்றே சீட்டும் கையுமாக மாடியிலிருந்து இறங்கி வந்தவர், அரைமணி நேரம் கவுன்டரில் வாதாடிவிட்டு, "கனகாதாயி, உங்களுக்குக் கீழே என்ன வேலை? மேலே வாங்க" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். தாயி என்றால் மராத்தியில் அக்கா. நர்ஸ் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் வேறு. மருந்து போலீஸ்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில் அந்தப் பிரிவுக்கு ஒரு மெஷின் வந்தது. கைக்குழந்தையின் இதயமும் நுரையீரலும் ஓய்ந்துபோனால், கழுத்தில் குழாய் போட்டு ரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றி, திரும்ப உடம்புக்குள் அனுப்பும் மெஷின். உள்ளே இருக்கும் உறுப்புகள் தேறி வரும்வரை வெளியே இருந்து அது வேலையைப் பார்த்துக்கொள்ளும். மெஷின் வந்ததும் கனகத்துக்குத் தூக்கம் போய்விட்டது. காரணத்தை ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள்.

"குழந்தை உடம்புல மொத்த ரத்தமே ரெண்டு டம்ளர்தாங்க. மெஷின் குழாய்க்குள்ள கிட்டத்தட்ட இன்னொரு அதே அளவு ஓடுது. ரெண்டு பேருக்கு வெச்ச ரசத்தைத் தண்ணி ஊத்தி நாலு பேருக்கு நீட்டற மாதிரி, மருந்து நீர்த்துப்போயிடும். அதுவும் பத்தாதுன்னு, புதுக் குழாய் இருக்கே, அது புது மண்பானை மாதிரி. சில மருந்தைத் தானே குடிச்சுக்கும்."

"அப்ப கூடுதலாப் போட வேண்டியதுதானே?"

"போட்டா? அந்தக் குழந்தைக்குக் கிட்னியும் மெதுவாத்தான் வேலை செய்யும். உள்ள போன மருந்து சீக்கிரம் வெளிய வராது. மேல மேல சேர்ந்து ரத்த அழுத்தம் படுத்துடும். கம்மியாப் போட்டாலும் ஆபத்து, கூடப் போட்டாலும் ஆபத்து."

"தோசை தீயுது" என்றேன். அதை அவள் காதில் வாங்கவே இல்லை.

ஒவ்வொரு மருந்துக்கும் கிலோவுக்கு இவ்வளவு, அதற்கு மேல் இவ்வளவுவரை போகலாம் என்று ஒரு எல்லை வைத்திருந்தாள். அந்த எல்லையைத் தாண்ட வேண்டுமானால் பிடே மேடமே ஆனாலும் அவளோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் குழந்தையின் எடை. அது தப்பினால் மேலே கட்டுவதெல்லாம் தப்பு. இதை எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கேட்காதீர்கள்.

ஒரு மழைக்காலத்தில் கிறிஸ்டோபரின் குழந்தைக்கு உடம்பு முடியாமல் போனது. கிறிஸ்டோபர் எங்கள் கிடங்கில் பேக்கிங் பிரிவு. பூர்வீகம் திருநெல்வேலி, பிறந்தது வளர்ந்தது எல்லாம் தேஹு ரோடு. என்னை அண்ணாச்சி என்பான். நல்ல பையன். ஆனால் ஓட்டை வாய். காலையில் அவன் வீட்டில் என்ன குழம்பு என்பது மத்தியானத்துக்குள் கேன்டீனுக்கே தெரிந்துவிடும். அவன் மனைவி தீபாவும் இங்கேயே பிறந்தவள்தான், பேசும்போது பாதி இந்தி வரும். கல்யாணமாகி ரொம்ப நாள் காத்திருந்து பிறந்த பிள்ளை ஜான். தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை, கழுத்தில் வெள்ளிச் சிலுவை, கன்னத்தில் ரூபாய் அகலத்துக்கு மைப்பொட்டு. குவார்ட்டர்ஸில் அவனைத் தூக்காத ஆள் கிடையாது.

சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று நினைத்தோம். அது நெஞ்சுக்குள் இறங்கி இதயத்தையே பிடித்துக்கொண்டது. பால் குடிக்கவில்லை, உதடு நீலம் பாய்ந்துவிட்டது. பக்கத்து நர்ஸிங் ஹோமில் கையை விரித்துவிட்டார்கள். ஆம்புலன்ஸில் கனகத்தின் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நானும் கூடப் போனேன். வாசலில் இறங்கியதுமே தீபா மயக்கம் வந்து படிக்கட்டில் சாய்ந்துவிட்டாள். அவள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு இளம் டாக்டர் குழந்தையின் நெஞ்சை அழுத்திக்கொண்டே, "வஜன் கித்னா?" என்று கத்தினார். எடை எவ்வளவு என்கிறார். "பாஞ்ச் கிலோ" என்றான் கிறிஸ்டோபர். அஞ்சு கிலோ. தராசில் போட்டுப் பார்க்கிற நிலைமையா அது? நேரே மெஷினில் சேர்த்துவிட்டார்கள். கழுத்தில் குழாய் ஏறியபிறகு குழந்தையைத் தூக்கவே கூடாது என்பதால் அதற்கப்புறமும் எடை போட முடியவில்லை.

ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. மயக்க மருந்து ஓடும்போதே பிள்ளை கையைக் காலை ஆட்டினான். குழாய் நழுவினால் உயிருக்கு ஆபத்து. "புதுக் குழாய், மருந்தைக் குடிக்குது" என்று கனகம் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தாள். அஞ்சு கிலோ குழந்தைக்கு உடம்பு பெரிதாகத் தெரிகிறதே என்று ஒரு நர்ஸ் கேட்டாளாம். மெஷினில் இருக்கும் குழந்தைகள் நீர் கோத்து ஊதித்தான் இருக்கும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு வலிப்பு வந்தது. அதற்கான மருந்து கொடுத்தார்கள். நின்று, மறுபடி வந்தது. இன்னும் கொடுத்தார்கள். திரும்பவும் வந்தது. தலை ஸ்கேனில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மும்பைக்கு அனுப்பியிருந்தார்கள், அது வந்து சேரவில்லை. மேடம் இன்னும் கொஞ்சம் ஏற்றலாமா என்று கேட்டார். எல்லைக்கு வந்துவிட்டோம், இதற்கு மேல் போனால் ரத்த அழுத்தம் தாங்காது என்று கனகம் மறுத்துவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. நான் வாயைக் கொடுக்கவில்லை, எனக்கும் சில சமயம் புத்தி உண்டு.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. ஆனாலும் போய்விட்டாள். மத்தியானம் தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு நானும் போனேன். மாடி வராந்தாவின் ஒரு கோடியில் பெஞ்சில் உட்கார்ந்து டிபன் கேரியரைப் பிரித்தோம். மறுகோடியில் தீபா சுவரோரமாகக் கீழே உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்டோபர் கேம்ப்பில் இருக்கும் சர்ச்சுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போயிருந்தான்.

"நாளைக்கு மேடம் அவங்ககிட்ட பேசப் போறாங்க" என்றாள் கனகம்.

"என்னன்னு?"

"மருந்து முழு அளவுக்குப் போயும் வலிப்பு நிக்கலைன்னா மூளை அடிபட்டுடுச்சுன்னுதாங்க அர்த்தம். இதயம் தேறி என்ன பிரயோசனம்? மெஷினை நிறுத்தறதைப் பத்திப் பேசுவாங்க."

அந்தப் பயலைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் நடந்திருக்கிறேன் நான். "வேற வழியே இல்லையா?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்து சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிசைந்தாளே தவிர வாயில் போடவில்லை.

சாப்பிட வரச்சொல்லித் தீபாவைக் கூப்பிடப் போனோம். அவளுக்குப் பக்கத்தில் சாத்தாராவிலிருந்து வந்த ஒரு அம்மாள், தன் பேரனுக்காகக் காத்திருப்பவள், ஆறுதலாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை எத்தனை மாதம், எத்தனை கிலோ என்று கேட்டாள். நாலு கிலோ என்று தீபா இந்தியில் சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

கனகம் அப்படியே நின்றாள். அளவு பிசகினால் அவளுக்கு உடம்பெல்லாம் காது. அந்த அம்மாள் எழுந்து போகும்வரை காத்திருந்து கேட்டாள்.

"நாலா? கிறிஸ்டோபர் அஞ்சுன்னுல்ல சொன்னார்?"

தீபா துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "அவங்ககிட்ட அஞ்சுன்னு சொல்லிருந்தேன் ஆன்ட்டி."

"அவங்ககிட்டன்னா? புருஷனுக்கு ஒரு கணக்கு, ஊருக்கு ஒரு கணக்கா?"

"அவங்க வாய்தான் உங்களுக்குத் தெரியும்லா ஆன்ட்டி. கேன்டீன் பூரா சொல்லிருவாங்க. ஏற்கெனவே பிள்ளை மோட்டா, குண்டா இருக்கான்னு எல்லாரும் பாக்காங்க. அதான் அவங்களுக்கு அஞ்சு. வெளி ஆளுங்களுக்கு நாலு."

"அப்ப நிஜமான எடை?"

தீபா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தீபா, நிஜ எடை எவ்வளவும்மா?"

"சொல்ல மாட்டேன் ஆன்ட்டி." கண் நிறைந்துவிட்டது. "ஊசி போடப் போன அன்னைக்கு அந்த நர்ஸக்கா தராசுல பாத்து சத்தமா சொல்லிட்டாங்க. லைன்ல நின்ன எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. மறுவாரமே காய்ச்சல் வந்துச்சு. இப்ப இவ்ளோ மோசமா கெடக்கும்போது நான் வேற என் வாயால சொன்னேன்னா மொத்தமா போயிருவான். என்னைக் கேக்காதீங்க ஆன்ட்டி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடிப் பைத்தியக்காரப் பொண்ணே, டாக்டரிடம் பொய்க் கணக்கா என்று கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். கனகம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன். சரி, அவளே திட்டப் போகிறாள், அவள் திட்டினால் நான் திட்டுவதைவிட நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

அவள் திட்டவில்லை. புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் தீபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சத்தமா சொல்ல வேணாம். யாருக்கும் சொல்ல வேணாம். நான் மருந்து அளக்கறவ, என் கண்ணு படாது. ஊர்க் கண்ணை ஏமாத்தலாம்மா, மருந்தை ஏமாத்த முடியாது. அது நீ சொன்ன எடைக்குத்தான் வேலை செய்யும்." காதோர முடியை ஒதுக்கிக்கொண்டு தலையைச் சாய்த்தாள். "இங்க சொல்லு. எனக்கு மட்டும்."

தீபா என்னைப் பார்த்தாள். நான் திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். பின்னால் ஒரு முணுமுணுப்பு. அவ்வளவுதான். திரும்பினால் கனகம் எழுந்து நிற்கிறாள், முகம் வெளுத்திருக்கிறது. குனிந்து தீபாவின் இரண்டு கன்னத்தையும் வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் வைத்துப் படபடவென்று நெட்டி முறித்தாள். திருஷ்டியாவது மண்ணாவது என்று என் அக்காவிடம் வருஷக்கணக்காகச் சண்டை போட்டவள்! அடுத்த நிமிஷம் வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம்தான் கேட்டது. ஓடுகிறாள். என் மனைவி ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அங்கிள், நான் தப்பு பண்ணிட்டேனா?" என்று தீபா கேட்டாள். எங்கே போயிற்றோ என் கோபம். "ஒண்ணும் பண்ணலைம்மா. இந்தத் தயிர்சாதத்தைச் சாப்பிடு" என்றேன். சாப்பிட்டாள். பாவம், எத்தனை வேளைப் பட்டினியோ.

உள்ளே நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். காதில் சொன்னதை மட்டும் நம்பி மருந்தை ஏற்றுகிறவள் இல்லை கனகம். தேஹு ரோட்டில் ஊசி போட்ட நர்ஸ் அந்தோணியம்மாளின் வீட்டுக்குப் போன் போட்டாள். "அந்தக் குட்டி யானையா? மறக்க முடியுமா?" என்று அந்தம்மாள் எடையை ஒப்பித்துவிட்டார். தீபா சொன்னதும் அதுவும் ஒன்று. பிடே மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். "என் அம்மாவும் இதையேதான் செய்தாள், தாயி. கேட்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?" என்று மராத்தியில் சொன்னாராம். எல்லா மருந்துக்கும் புதிதாகக் கணக்குப் போட்டார்கள். எல்லை என்று கனகம் போட்டிருந்த கோடு நன்றாகவே மேலே நகர்ந்தது. வலிப்பு மருந்தை மெதுவாக ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் காட்டும் திரைக்கு முன்னால் அவள் நின்றாள், நகரவே இல்லை. மேடம் மறுநாள் பேச இருந்த பேச்சைத் தள்ளிவைத்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் கிடங்குக்குப் போன் வந்தது. "வலிப்பு நின்னுடுச்சுங்க" என்றாள் கனகம். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம்? பேக்கிங் பிரிவு முழுக்க என்னைச் சுற்றி நின்றது. விஷயத்தைச் சொன்னேன். எடை விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

அவள் வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் வெறுமனே நின்றுகொண்டிருந்தாள். "எல்லாத்துக்கும் எங்கிட்ட பதில் தயாரா இருந்துச்சுங்க. ஊதினா தண்ணி. மருந்து பத்தலைன்னா குழாய். ரெண்டும் நிஜம்தான். அதான் மேல கேக்கத் தோணலை. இன்னும் ஒரு நாள் போயிருந்தா..." என்று அழுதாள்.

"என்னைக் கேள்வி கேக்கறதை மட்டும் ஒரு நாளாவது விட்டிருக்கியா?" என்றேன்.

அழுகையோடு சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு அது.

வலிப்பு நின்றபின் இதயம் தன் வேலையை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது. மெஷினைக் கழற்றும் நாள் வந்தபோது கனகத்துக்கு மறுபடி பரபரப்பு. இனிமேல் குடிக்கிறதற்குப் பானை இல்லை, மருந்து முழுவதும் பிள்ளைக்கே போகும், குறைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஜான் கண் விழித்து முதலில் பார்த்தது தன் அம்மாவை அல்ல, மருந்து போலீஸைத்தான். பார்த்ததும் வீறிட்டு அழுதானாம். சரியான பிள்ளை.

அதற்குப் பிறகு அந்தப் பிரிவில் ஒரு பழக்கம் வந்தது. அவசரத்தில் வரும் குழந்தைக்கு யார் எந்த எடை சொன்னாலும், அம்மாவைத் தனியே அழைத்துப் போய் ஒரு நர்ஸ் காதைக் கொடுப்பாள். மராத்திக்காரிகள், மார்வாடிகள், எல்லோரும்தான் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். காது கொடுத்தால் சரியான எடை வந்துவிடுகிறதாம்.

ஜானின் முதல் பிறந்தநாளுக்குக் குவார்ட்டர்ஸே திரண்டிருந்தது. அன்று காலைதான் ஆஸ்பத்திரியில் செக்கப் முடித்து, கனகமே தராசில் நிறுத்தி எடை பார்த்துக் கூட்டி வந்திருந்தாள். கேக் வெட்டியாயிற்று. தீபாவின் மடி கொள்ளாமல் அவன் வழிந்துகொண்டிருந்தான். கன்னத்தில் மைப்பொட்டு இப்போது இரண்டு. வந்திருந்த பெண்கள் எல்லோர் கண்ணும் அவன் தொடை மேல்தான்.

"ஏங்க்கா, நீங்கதானே எடை பார்த்தீங்க? எத்தனை கிலோ இருக்கான்?" என்று ஒருத்தி கேட்டாள்.

தீபா தலையைக் குனிந்துகொண்டாள். ஓட்டை வாய் கிறிஸ்டோபர்கூடக் கையில் கேக்கோடு அசையாமல் நின்றான். நான் கனகத்தைப் பார்த்தேன். டாக்டர் சீட்டுகளைத் திருப்பி அனுப்பியவள், உப்பை விரலால் வழிப்பவள்.

"ஆறு இருக்கும்" என்றாள் கனகம். பிறகு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "சுமாரா" என்றாள்.

அந்தப் பயலை அப்போது என் கையில்தான் கொடுத்தார்கள். தோள்பட்டை இறங்கிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.